யாருக்குப் போட்ட காபி

கடப்பாக்கம் முகாம்
18-1-56

சௌபாக்கியவதி சுந்தரவல்லிக்கு ஆசீர்வாதம்.

இங்கே நானும் கூடாரமும் சுகம். அங்கே நீயும் அப்பாவும் சுகமாக இருப்பீர்களென்று நம்புகிறேன். பொங்கல் முடிந்த கையோடு கிளம்பி வந்துவிட்டதில் உனக்கு வருத்தம் என்று தெரியும். என்ன செய்வது? கால்வாய்க் கரையை மகாபலிபுரம் வரை அளந்து, மட்டம் பார்த்து, படம் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். சித்திரை பிறக்கும்வரை எனக்குக் கூடாரம்தான் வீடு.

வேலை சிரமமில்லை. காபிதான் சிரமம். நீ கொடுத்தனுப்பிய பொடி தீர்ந்துவிட்டது. இங்கே கடையில் வாங்கிய பொடியில் பாதி சிக்கரி. மீதி என்னவென்று கடைக்காரருக்கே தெரியாது. கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் காபி போட்டுப் பாலை விட்டால் பால் திரிந்து போகிறது. என்னிடம் ஏசுபாதம் என்று ஒரு செயின்மேன், அளக்கிற சங்கிலி பிடிக்கிறவன். நல்லவன். "இன்னா சார், சுடச்சுட கீதே, அது போதாதா?" என்கிறான்.

வாரம் ஒருமுறை அவன் செங்கற்பட்டு ஆபீசுக்குக் காகிதக் கட்டு கொண்டு வருவான். அவனிடம் பொடி கொடுத்தனுப்பு. மணற்குன்றுக்குப் பின்னால் ஊற்று தோண்டினால் நல்ல தண்ணீர் வரும் என்கிறார்கள். பார்க்கலாம்.

இப்படிக்கு,
பட்டாபிராமன்

* * *

செங்கற்பட்டு
24-1-56

பிராண நாதருக்கு சுந்தரவல்லி அநேக நமஸ்காரம்.

கடிதம் கிடைத்தது. உங்கள் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். கண்ணில் புரை முற்றிவிட்டது போலிருக்கிறது, எழுத்தே தெரியவில்லை என்கிறார். பால் திரிந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிச் சிரித்தார்.

இன்று காலையில் கொட்டை வறுத்தேன். பீபரி பாதி, தட்டைக் கொட்டை பாதி. வறுக்கிற உருளையின் கைப்பிடி ஆடுகிறது, கையைச் சுட்டுக் கொண்டேன். கொஞ்சந்தான், கவலைப்பட வேண்டாம். அரைத்து, டப்பாவில் அழுத்தி அடைத்து, மூடியைச் சுற்றி மாவு பூசியிருக்கிறேன்.

ஒரு சேதி. வாசு அத்தானுக்கு இந்த ஊர் ஸ்டேஷனுக்கே மாற்றலாகியிருக்கிறது. எங்கள் அத்தை பிள்ளை வாசுதேவன். கல்யாணத்தில் பார்த்திருப்பீர்கள், உயரமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு. ராத்திரி டூட்டி முடிந்து நம் தெரு வழியாகத்தான் ரூமுக்குப் போகிறார். கொட்டை வறுக்கிற வாசனை தெருமுனை வரைக்கும் வந்ததாம், அதைப் பிடித்துக்கொண்டே வந்து நின்றார். உங்கள் அப்பாவுக்கு ரயில் சமாசாரம் என்றால் உயிர். தினமும் வந்து காபி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லிவிட்டார். ஒரு வாய் குடித்துவிட்டு அத்தான், "வல்லி, ஜங்ஷன்ல இத்தனை நாளா குடிச்சது வெந்நீர்னு இப்பதான் தெரியறது" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

உடம்பைப் பார்த்துக் கொள்ளவும். கடல் காற்றில் தலையை மூடாமல் தூங்க வேண்டாம்.

இப்படிக்கு அடியாள்,
சுந்தரவல்லி

* * *

கடப்பாக்கம் முகாம்
30-1-56

சௌ. சுந்தரவல்லிக்கு ஆசீர்வாதம்.

பொடி வந்தது. ஊற்றும் தோண்டியாகிவிட்டது, தண்ணீர் கற்கண்டு மாதிரி இருக்கிறது. ஆகையால் இந்த முறை தண்ணீர்மேல் பழி போட முடியாது. பொடியில் மணமே இல்லை. நம் வீட்டுக் காபி இப்படி இருக்காது. வறுத்த அன்றைக்கே அரைத்தாயா? அல்லது அன்றைக்கு அரைத்தது வேறு யாருக்கோ போய், மிச்சம் எனக்கு வந்ததா? குறையாகச் சொல்லவில்லை, கேட்கிறேன்.

கல்யாணத்தில் நான் பார்த்தது எத்தனையோ பேரை. கண்ணாடி போட்ட உயரமான ஆள் ஒருவர் பந்தலில் உட்காராமல் தூணோரம் நின்றுகொண்டிருந்தது நினைவிருக்கிறது. அவர்தானா? உனக்கும் அவருக்கும் ஜாதகம் பார்த்ததாக உன் சித்தப்பா ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னார். நீ அதைப்பற்றிச் சொன்னதில்லை.

உன்னை வல்லி என்று யாரும் கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடுகிறேன்.

காலையில் முதலில் இறங்குகிற டிகாக்ஷன் யாருக்கு? அப்பாவுக்கா, அவருக்கா?

பட்டாபிராமன்

* * *

செங்கற்பட்டு
5-2-56

நமஸ்காரம். கேள்வித்தாள் மாதிரி கடிதம் எழுதியிருக்கிறீர்கள். நானும் வரிசையாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு வறுத்தது அன்றைக்கே அரைத்ததுதான். முழுவதும் உங்கள் டப்பாவுக்குத்தான் போயிற்று. மணம் ஏன் போயிற்று என்று ஏசுபாதத்தின் பையைத் திறந்து மோந்து பார்த்தால் தெரியும். அது கருவாடு வாங்குகிற பை. இந்தத் தடவை அவனிடமே சொன்னேன். "அய்யய்யோ, பையை தோச்சிட்டுத்தாம்மா வந்தேன்" என்று கூச்சப்பட்டான்.

ஜாதகம் பார்த்தது வாஸ்தவம். எனக்கு அப்போது பதினைந்து வயது. பொருந்தவில்லை என்றார்கள், பேச்சு அத்தோடு நின்றது. கேட்காததால் சொல்லவில்லை. ஒளிக்கவில்லை.

வல்லி என்று எங்கள் வீட்டில் எல்லோரும் கூப்பிடுவார்கள். நீங்கள் கூப்பிட்டால் நான் வேண்டாமென்றா சொல்லப் போகிறேன்?

முதல் டிகாக்ஷன் உங்கள் அப்பாவுக்கு. இரண்டாவது வாசு அத்தானுக்கு. கடைசியில் பில்டரில் சொட்டுகிறது எனக்கு. நீங்கள் வீட்டிலிருக்கும்போதும் எனக்கு அதுதான். அதை ஏன் கேட்கவில்லை?

பொடிக்கு வழியில் மணம் போகிறதென்றால் பச்சைக் கொட்டையாகவே அனுப்புகிறேன். அங்கேயே வறுத்துக் கொள்ளுங்கள். தீயில் வைக்காதீர்கள், தணலில் வைக்க வேண்டும். கையை நிறுத்தாமல் கிளற வேண்டும். பொன்னிறம் தாண்டி, படபடவென்று வெடித்து அடங்குகிற சமயத்தில் இறக்கி, உடனே முறத்தில் கொட்டி ஆற்ற வேண்டும். பாத்திரத்திலேயே விட்டால் அதன் சூட்டிலேயே கருகும்.

உருளையின் கைப்பிடியை அத்தான் ஆணி அடித்துச் சரி செய்து கொடுத்துவிட்டார். இனி கை சுடாது.

சுந்தரவல்லி

* * *

கடப்பாக்கம் முகாம்
12-2-56

சௌ. சுந்தரவல்லிக்கு.

பச்சைக் கொட்டை வந்து சேர்ந்தது. உருளையின் கைப்பிடியை நான் ஊருக்கு வந்ததும் சரி செய்வதாக இருந்தேன். அவசரப்பட்டிருக்க வேண்டாம்.

மண் சட்டியில் வறுத்துப் பார்த்தேன். முதல் தடவை கரி. அடுத்த தடவை மேலே கறுப்பு, உள்ளே பச்சை. சவுக்குக் கட்டை குபீரென்று பற்றிக் கொள்கிறது, தணலாகிறவரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. காற்று ஒரு பக்கம் தணலை ஊதுகிறது, இன்னொரு பக்கம் அணைக்கிறது. மூன்று கல் வைத்து, காற்று வருகிற பக்கம் கித்தானைக் கட்டிய பிறகு ஒருவாறு வசத்துக்கு வந்தது. பில்டர் கிடையாது. தண்ணீர் கொதித்ததும் இறக்கி, இடித்த பொடியைப் போட்டு மூடி, கொஞ்ச நேரம் கழித்துக் குளிர்ந்த தண்ணீர் தெளித்தால் மண்டி அடியில் உட்கார்ந்துவிடுகிறது. மெல்ல இறுத்தால் போதும். இது நானே கண்டுபிடித்தது.

பொடி இனி அனுப்ப வேண்டாம். எனக்கு வேண்டியதை நானே பார்த்துக் கொள்ள முடியும் என்று தெரிந்துவிட்டது.

அவர் ராத்திரி டூட்டி எத்தனை நாளைக்கு? ரயில்வேயில் முறை மாற்ற மாட்டார்களா? பகல் டூட்டி என்றால் காலையில் நம் தெரு வழியாக வர வேண்டியதில்லையே.

பட்டாபிராமன்

* * *

செங்கற்பட்டு
20-2-56

அன்புள்ள உங்களுக்கு சுந்தரவல்லி நமஸ்காரம்.

நீங்களே வறுத்தீர்கள் என்று படித்ததும் உள்ளங்கையில் கொப்புளம் வந்திருக்குமே என்றுதான் முதலில் தோன்றியது. வந்திருந்தால் தேங்காயெண்ணெய் தடவவும்.

ஒன்று சொல்ல வேண்டும். மறைக்காமல் எழுதுகிறேன், நீங்களும் நிதானமாகப் படிக்க வேண்டும்.

நேற்றுக் காலையில் வாசு அத்தான் வந்தார். உங்கள் அப்பா பின்கட்டில் ஸ்நானம் செய்துகொண்டிருந்தார். காபி கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "அன்னிக்கு ஜாதகம் பார்த்தவன் சரியாப் பார்க்கலையோன்னு தோணறது வல்லி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண் சிரிக்கவில்லை.

பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "அத்தான், நாளையிலேருந்து நீங்க ஸ்டேஷன்லயே காபி சாப்பிட்டுக்கோங்கோ" என்றேன். டம்ளரை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இன்றைக்கு வரவில்லை. உங்கள் அப்பா ஏனென்று கேட்டார். டூட்டி மாறியிருக்கும் என்றேன்.

யாரும் சொல்லிக் கொடுக்காமல் நானே இதைச் செய்தேன். பயமாக இருந்தது, செய்து முடித்ததும் தைரியமாகவும் இருந்தது. உங்களிடம் சொல்ல வேண்டுமென்று நேற்றிலிருந்து காத்திருந்து இப்போது எழுதுகிறேன். நீங்கள் ஒரு வார்த்தை நல்லதாக எழுதினால் சந்தோஷப்படுவேன்.

உங்கள்,
சுந்தரவல்லி

* * *

கடப்பாக்கம் முகாம்
20-2-56

சுந்தரவல்லிக்கு.

இனிச் சுற்றி வளைத்து எழுதுவதில் பயனில்லை. தூக்கம் வரவில்லை. லெவல் கருவியில் கண்ணை வைத்தால் நம் வீட்டுக் கூடமும் அந்த மனிதர் டம்ளரும்தான் தெரிகிறது. நேற்று கணக்கில் தப்பு விழுந்து ஒரு பர்லாங்கு மறுபடி அளக்க வேண்டியதாயிற்று.

வாசுதேவன் இனி நம் வீட்டில் காபி சாப்பிடக் கூடாது. வீட்டுக்கும் வரக் கூடாது. இது என் உத்தரவு. நீ அவருக்குச் சொல்லச் சங்கடப்படுவாய், அல்லது சொல்ல மனமிருக்காது. அதனால் அப்பாவுக்கே தனியாக எழுதிவிட்டேன். நான் இல்லாத வீட்டில் என்ன நடக்கிறதென்று அவர்தான் கவனித்துக் கொள்ள வேண்டுமென்றும் எழுதியிருக்கிறேன். அவர் சொன்னபடி நடந்துகொள்.

பட்டாபிராமன்

* * *

செங்கற்பட்டு
24-2-56

நமஸ்காரம்.

உங்கள் இரண்டு கடிதங்களும் சேர்ந்தே வந்தன. அப்பாவுக்குக் கண் தெரியாது என்பது உங்களுக்கு மறந்துவிட்டது. அவருக்கு வந்த கடிதத்தை நான்தான் உரக்க வாசித்தேன். அவருக்குக் காது மந்தமென்பதால் தெருவுக்கே கேட்டிருக்கும். "நான் இல்லாத வீட்டில் என்ன நடக்கிறது" என்று நீங்கள் எழுதியதை என் வாயால் நானே சொன்னேன். நடுவில் நிறுத்தினேன். அவர், "மேலே படிம்மா" என்றார். படித்தேன்.

முடிந்ததும் அவர் கடிதத்தை வாங்கி மடித்து வைத்தார். பிறகு, "இந்தப் பிள்ளையாண்டானை வரச் சொன்னது நான். உன்னை யாரும் ஒண்ணும் சொல்லப்படாது" என்றார்.

என் கடிதம் இதற்குள் உங்களுக்குக் கிடைத்திருக்கும். நானாகச் செய்ததை நீங்கள் உத்தரவாக்கிவிட்டீர்கள். அதற்காகத்தான் அழுகை வந்தது, வேறெதற்கும் இல்லை.

வீட்டில் கொட்டை வறுப்பதை நிறுத்திவிட்டேன். அப்பாவுக்குக் கடைப் பொடி வாங்கிப் போடுகிறேன். நான் காபி சாப்பிடுவதில்லை.

சுந்தரவல்லி

* * *

கடப்பாக்கம் முகாம்
28-2-56

சௌ. சுந்தரவல்லிக்கு ஆசீர்வாதம்.

என் கடிதத்தைத் தபாலில் சேர்த்த பிறகுதான் உன்னுடையது வந்தது. தபால்காரரைத் தேடி ஓடினேன், கட்டு போய்விட்டது.

நீ செய்தது சரி. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். அப்பாவிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நான் வறுத்த கொட்டை கொஞ்சம் அடுத்த வாரம் ஏசுபாதத்திடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் பையில் இல்லை, புதுத் துணியில் கட்டி அனுப்புகிறேன். அரைத்துப் பார்த்து எப்படி என்று எழுது.

பட்டாபிராமன்

* * *

கடப்பாக்கம் முகாம்
8-3-56

சௌ. சுந்தரவல்லிக்கு.

ஏசுபாதம் கட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. இன்றும் இல்லை. உடம்பு சுகம்தானா என்று ஒரு வரியாவது எழுது. அப்பாவை யாரிடமாவது சொல்லி எழுதச் சொன்னாலும் போதும்.

பட்டாபிராமன்

* * *

செங்கற்பட்டு
14-3-56

நமஸ்காரம். அப்பா சுகம். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

எழுதக் கூடாதென்று இருந்தேன். நேற்று ஏசுபாதம் மறுபடி வந்ததால் எழுதும்படி ஆகிவிட்டது.

மோர் கொடுத்துவிட்டு, "அங்கே சமையல் யாரப்பா?" என்று கேட்டேன்.

"சமையல் நாங்கோதாம்மா. காபி மட்டும் சாருதான். அடுப்பாண்ட யாரையும் வுட மாட்டாரு. வெடிஞ்சதும் குந்திகினு, மூஞ்சியெல்லாம் பொகை, கொட்டய கிண்டிகினே கீறாரு. மொதல்ல எங்களுக்குத்தான் ஊத்துவாரு. ஊத்திக் குடுத்துட்டு, 'எப்படி இருக்கு ஏசுபாதம்'னு நம்ம மூஞ்சியவே பாப்பாரு. நல்லா கீது சார்னு சொல்ற வரிக்கும் அவரு வாயில வெக்க மாட்டாரும்மா."

அவன் உங்களைப் புகழ்ந்து சொன்னான். நானும் நல்லதென்றுதான் தலையாட்டினேன். அவன் போன பிறகு என்னால் உட்கார முடியவில்லை.

கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. எனக்கு டைபாய்டு வந்து படுத்திருந்தபோது நீங்கள் ஹோட்டலிலிருந்து கூஜாவில் காபி வாங்கி வந்தீர்கள். அடுப்பைப் பற்ற வைக்கத் தெரியாது என்றீர்கள். தினமும் நான் டம்ளரைக் கொண்டு வந்து வைத்துவிட்டு நிலைப்படி ஓரம் நிற்பேன். ஏன் நிற்கிறேன் என்று ஒரு நாள்கூட நீங்கள் நிமிர்ந்து பார்த்ததில்லை. சரியாக இல்லாத அன்றைக்கு மட்டும் சொல்வீர்கள். சொல்லாத நாளெல்லாம் நன்றாக இருந்திருக்கும் என்று நானே எடுத்துக் கொள்வேன். வாசு அத்தான் வந்து நன்றாயிருக்கிறது என்று சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது நிஜம், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். அந்த வார்த்தைக்குத்தான் சந்தோஷப்பட்டேன். அவருக்காக இல்லை.

இப்போது ஏசுபாதத்தை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. சங்கிலி பிடிக்கிற அந்தச் சாதுவின்மேல். அவன் முகத்தை நீங்கள் பார்க்கிறீர்களாமே. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கு அத்தான்மேல் வந்தது இந்த மாதிரிதான் என்றால், உங்கள்மேல் எனக்குப் பாதிக் கோபம் போய்விட்டது. மீதிப் பாதி இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய கொட்டையை அரைக்கவில்லை. கட்டுப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். நீங்கள் போட்டுக் கொடுத்தால் குடிப்பேன். நான் போட்டுக் குடிக்க மாட்டேன்.

சுந்தரவல்லி

* * *

மகாபலிபுரம் முகாம்
22-3-56

வல்லிக்கு ஆசீர்வாதம்.

இப்படி எழுதலாமென்று நீதான் சொன்னாய். எழுதி விட்டு ரொம்ப நேரம் பார்த்துக் கொண்டிருந்தேன்.

முகாம் இங்கே மாறிவிட்டது. சவுக்குத் தோப்புக்குள் கூடாரம். இங்கே இருக்கிற திருக்கடல்மல்லைப் பெருமாளைச் சேவிக்க வேண்டுமென்று அப்பா எத்தனையோ வருஷமாகச் சொல்லிக் கொண்டிருக்கிறார். வருகிற ஏப்ரல் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை, அழைத்துக்கொண்டு வா. திருக்கழுக்குன்றம் வழியாகக் காலை பஸ் இருக்கிறது. ஈஸ்டர் என்று ஏசுபாதம் ஊருக்குப் போகிறான். மற்றவர்களுக்கும் லீவு கொடுத்துவிட்டேன்.

டைபாய்டு சமயத்தில் நான் அடுப்பைப் பற்ற வைக்கப் பார்த்தேன். பற்றவில்லை. அதற்குப் பிறகுதான் கூஜாவை எடுத்துக்கொண்டு போனேன். இது உனக்குத் தெரியாது.

பட்டாபி

* * *

செங்கற்பட்டு
4-4-56

அன்புள்ள உங்களுக்கு வல்லி நமஸ்காரம்.

சௌக்கியமாக வந்து சேர்ந்தோம். நான் பார்த்துச் சொன்ன, பெருமாள் தரையில் படுத்திருந்த கோலத்தைப் பற்றி உங்கள் அப்பா வழியெல்லாம் பஸ்ஸில் எல்லோரிடமும் பேசிக்கொண்டு வந்தார்.

நேரில் சொல்ல வாய் வராத இரண்டு விஷயங்களை எழுதுகிறேன்.

முதலாவது, அன்றைக்கு நான் குடித்துவிட்டு "தேவலை" என்று மட்டும் சொன்னேன். உங்கள் முகம் விழுந்துவிட்டது, பார்த்தேன். உண்மையில் அந்தக் காபி நான் போடுவதைவிட நன்றாக இருந்தது. மண் சட்டியா, ஊற்றுத் தண்ணீரா, சவுக்குத் தணலா, எதனால் என்று தெரியவில்லை. நாலு வருஷம் தினமும் போடுகிற எனக்கு வராதது உங்களுக்கு இரண்டு மாதத்தில் வந்துவிட்டதே என்று பொறாமையாகிவிட்டது. அதனால்தான் வாய் வரவில்லை. புகையில் கண் சிவந்து, வேஷ்டியெல்லாம் கரியாக, குத்துக்காலிட்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக் கொண்டிருந்தீர்கள். அந்த மாதிரி யாராவது என் முகத்தைப் பார்த்தால் நான் என்ன சொல்ல முடியும்?

இரண்டாவது, வாசு அத்தானுக்கு விழுப்புரத்துக்கு மாற்றலாகிவிட்டது. நேற்று வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்று, "நான் அன்னிக்குச் சொன்னது தப்பு, மன்னிச்சுக்கோ, போயிட்டு வரேன்" என்றார். உங்கள் அப்பா யார் வந்திருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். நான் அத்தானை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் காபி கலந்து கொண்டு வந்து கொடுத்தேன். நின்றபடியே குடித்தார். நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. டம்ளரை வாங்கிக் கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

யாரையும் கேட்காமல்தான் கொடுத்தேன். ஊரைவிட்டுப் போகிறவரை வெறும் வயிற்றோடு அனுப்ப மனம் வரவில்லை. இதை எழுதாமல் விட்டால் உங்களுக்குத் தெரியவே போவதில்லை. ஆனாலும் எழுதுகிறேன். படித்துவிட்டு உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள். உத்தரவாக மட்டும் வேண்டாம்.

வல்லி

* * *

மகாபலிபுரம் முகாம்
7-4-56

வல்லிக்கு ஆசீர்வாதம்.

கவர் வாங்கப் பொறுமையில்லை, கார்டிலேயே எழுதுகிறேன். தபால்காரர் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும்.

அவருக்கு நீ காபி கொடுத்தது நியாயம்தான். அந்த வரியை நேற்று முழுக்கத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒவ்வொரு தடவையும் எரிந்தது. இப்போதும் எரிகிறது. நியாயமென்று தெரிந்தும் எரிகிறதே, அதற்கு நான் என்ன செய்வது? உத்தரவு ஒன்றும் போடவில்லை, தோன்றியதைத்தான் எழுதுகிறேன்.

இங்கே வேலை முடிகிறது. வருகிற வாரம் கூடாரத்தைப் பிரித்துவிட்டு வந்துவிடுகிறேன். வந்த மறுநாள் காலையில் நான் வறுக்கிறேன். நீ பக்கத்திலேயே உட்கார்ந்து எங்கே தப்புச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். கூடத்துக்கு எதுவும் கொண்டு வர வேண்டாம். நாம் இரண்டு பேரும் அடுக்களையிலேயே குடிக்கலாம்.

பட்டாபி